கொதிகலனுக்கு முன்னால் ஒரு சூரியன்

கூடுவாஞ்சேரியில் இரயிலை விட்டு இறங்கி, நந்திவரம் ஏரிக்கரையைச் சுற்றியுள்ள பழைய கிராமங்களின் பக்கம் நீங்கள் போயிருக்கலாம். செங்கற்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. ஏரி உள்ள இடத்தில் நெல் உண்டு. நெல் உள்ள இடத்தில் அரிசி ஆலை உண்டு. புழுங்கல் அரிசி ஆலை ஒன்றின் பின்பக்கம் போய் நின்று பாருங்கள். உமி எரியும் அடுப்பு, அதன்மேல் கொதிகலன், பக்கத்தில் ஊறல் தொட்டிகள், அப்பால் சிமெண்டுக் களம். களத்தில் அவித்த நெல் வெயிலில் காய்கிறது. ஈரத்தை வெளியேற்றும் அந்தப் பெரிய வேலையைச் சூரியன் கூலி வாங்காமல் செய்கிறது. பத்தடி தள்ளி இருக்கும் கொதிகலனுக்கு மட்டும் கிணற்றுத் தண்ணீர் அப்படியே, சூடேறாமல் போகிறது.

இங்கிருந்து கிழக்கே கேளம்பாக்கம், கோவளம் பக்கம் போனால் உப்பளங்கள். அங்கே பாத்தியில் கட்டிய உப்பங்கழி நீரை ஆவியாக்குவதும் வெயில்தான். இப்படிச் சூரியனைக் கொண்டு நீரை ஆவியாக்கும் தொழிலில் தலைமுறை தலைமுறையாகப் பழகிய இந்த வட்டாரத்தில், கொதிகலனுக்குப் போகும் நீரை மட்டும் ஏன் யாரும் வெயிலில் காட்டவில்லை? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு வரலாறு ஒன்று விரிகிறது. அதன் முக்கியமான காட்சி ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது.

வில்லியம் ஆடம்ஸ் என்பவர் பம்பாயில் ஆங்கில அரசின் துணைப் பதிவாளராக இருந்தார். பத்திரங்களையும் கோப்புகளையும் பார்ப்பதே அவருடைய உத்தியோகம். ஆனால் அவருடைய மனம் வெயிலில் இருந்தது. பிரான்சில் மூஷோ என்ற கணித ஆசிரியர் 1860-களிலேயே கண்ணாடியால் வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்கியிருந்தார். அந்தக் கருவியைப் பற்றி அறிந்த ஆடம்ஸுக்கு ஒரு குறை தென்பட்டது. வளைந்த பெரிய கண்ணாடியைச் செய்வதும் கடினம், துலக்கி வைப்பதும் கடினம். பெரிய எந்திரத்துக்கு அது ஒத்துவராது என்று முடிவு செய்தார். அதற்குப் பதில் சாதாரண முகம் பார்க்கும் தட்டைக் கண்ணாடிகளை வாங்கினார். ஒவ்வொன்றும் 17 அங்குலம் நீளம், 10 அங்குலம் அகலம். அவற்றை ஒரு பெரிய சட்டத்தில் வரிசை வரிசையாகப் பொருத்தி, எல்லாம் ஒரே இடத்தைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தார். நடுவில் செம்புக் கொதிகலன் அசையாமல் நின்றது. சூரியன் நகர நகர, கண்ணாடிச் சட்டத்தை அரைவட்டப் பாதையில் உருட்டினால் போதும். ஒரு வேலையாள் நாளில் மூன்று நான்கு முறை தள்ளிவிட்டால் தீர்ந்தது.

1878-ல் கொலாபாவில் இருந்த தம் பங்களா வளாகத்தில் இந்த அமைப்பைக் கொண்டு இரண்டரைக் குதிரைத்திறன் நீராவி எந்திரம் ஒன்றை அவர் ஓட்டினார். இரண்டு வாரம் பகல் நேரம் முழுவதும் அது ஓடியது. அதே ஆண்டில் 'சூரிய வெப்பம்: வெப்ப நாடுகளில் எரிபொருளுக்கு ஒரு மாற்று' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூலையும் பம்பாயில் வெளியிட்டார். இந்தக் காலத்தில் சூரிய ஆற்றல் நிலையங்களில், தரையில் கண்ணாடிகளைப் பரப்பி நடுக் கோபுரத்தின்மேல் ஒளியைக் குவிக்கிறார்களே, அந்த ஏற்பாட்டின் மூலக்கருத்தை ஒரு பதிவாளர் கொலாபாவில் செய்து காட்டிவிட்டார். நம் பாடப் புத்தகங்கள் அவரைக் கண்டுகொள்ளாதது எனக்கு எப்போதும் ஒரு மனக்குறை.

அதே 1878-ல் பாரிஸ் பொருட்காட்சியில் மூஷோ வெயிலைக் கொண்டு பனிக்கட்டியே செய்து காட்டிப் பொற்பதக்கம் பெற்றார். பின்பு பிரெஞ்சு அரசு அந்தக் கருவியை ஆராய்ந்து பார்த்து, நிலக்கரி மலிவாகக் கிடைக்கையில் இது கட்டுப்படியாகாது என்று கைவிட்டது. 1913-ல் எகிப்தில், கெய்ரோவுக்குத் தெற்கே மாதி என்னும் இடத்தில், அமெரிக்கரான பிராங்க் ஷூமன் இன்னும் பெரிதாக முயன்றார். 62 மீட்டர் நீளமுள்ள ஐந்து கண்ணாடித் தொட்டிகள் வெயிலைக் குழாயின்மேல் குவித்தன. நீராவி எந்திரம் நைல் நதியிலிருந்து வயலுக்கு நீர் இறைத்தது. மறு ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. 1918-ல் ஷூமன் இறந்தார். போருக்குப் பின் எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. மாதியை உலகம் மறந்தது.

கவனித்தீர்களா? ஆடம்ஸ், மூஷோ, ஷூமன் மூவருடைய கருவிகளும் வேலை செய்தன. மூவரும் தோற்றது கணக்கில். அந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். பள்ளியில் படித்த இயற்பியலே இதற்குப் போதும்.

ஒரு கிலோ நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 1 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். கிணற்று நீர் 30 டிகிரியில் இருக்கிறது என்று கொள்வோம். அதை 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி. ஆனால் கொதிக்கும் நீரை ஆவியாக்க, வெப்பநிலை ஒரு டிகிரிகூட உயராமலே, இன்னும் 540 கிலோ கலோரி தேவை. இதுவே உள்ளுறை வெப்பம். மொத்தம் 610. ஆக, கொதிகலனில் செலவாகும் எரிபொருளில் பெரும்பங்கு ஆவியாக்கவே போகிறது.

இன்னொரு செய்தி. வெயிலில் வைத்த கறுப்புத் தகடு எவ்வளவுக்கு எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு தன் வெப்பத்தைக் காற்றுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். 50, 60 டிகிரியில் நல்ல வேலைக்காரனாக இருக்கும் தகடு, 100-ஐ நெருங்கும்போது சோம்பிப் போகும். அதற்கு மேல் போகக் குவிக்கும் கண்ணாடி வேண்டும், சூரியனைத் துரத்தும் பொறி வேண்டும், பணம் வேண்டும். மூவரும் சூரியனிடம் கேட்டது அந்த உயர்ந்த வெப்பநிலையை. சூரியன் மலிவாகத் தருவதோ தாழ்ந்த வெப்பநிலையை.

ஊட்டுநீரை முன்கூட்டியே சூடாக்கினால் எரிபொருள் மிச்சமாகும் என்பது பழைய உண்மை. 1845-ல் இங்கிலாந்தின் வேக்ஃபீல்டைச் சேர்ந்த எட்வர்டு கிரீன், புகைபோக்கி வழியே வீணாகப் போகும் சூட்டில் நீர்க்குழாய்களை வைத்து ஊட்டுநீரைச் சூடாக்கும் கருவிக்கு உரிமம் பெற்றார். 'எக்கனமைசர்' என்று இன்றைக்கும் பெரிய கொதிகலன்களில் இருப்பது அதுதான். ஊட்டுநீர் 6 டிகிரி உயர்ந்தால் எரிபொருளில் நூற்றுக்கு ஒரு பங்கு மிச்சம் என்று கொதிகலன் ஆட்கள் சொல்லும் வாய்பாட்டை, மேலே உள்ள 610-ஐக் கொண்டு நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

வெயிலில் வெந்நீர் வைக்கும் கருவியும் தனியாக வளர்ந்துகொண்டிருந்தது. 1767-ல் சுவிட்சர்லாந்தில் சொசூர் கண்ணாடி மூடிய பெட்டியில் வெப்பத்தைச் சிறைப்படுத்திக் காட்டினார். 1891-ல் அமெரிக்காவில் கெம்ப் அதே பெட்டிக்குள் தண்ணீர்த் தொட்டியை வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1909-ல் பெய்லி தகட்டையும் தொட்டியையும் பிரித்து, தொட்டியை உயரத்தில் வைத்தார். சூடான நீர் இலேசாகித் தானே மேலே ஏறும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும், பம்பு வேண்டாம். இன்று நம் ஊர் மொட்டைமாடிகளில் காணும் வெந்நீர்க் கலங்கள் பெரும்பாலும் பெய்லியின் வழியில் வந்தவையே.

நம் நாட்டில் விடுதலைக்குப் பின் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். அங்கே 1950-களில் சூரிய அடுப்பு உருவாயிற்று. பெரிய எதிர்பார்ப்புடன் கடைக்கு வந்தது, விற்கவில்லை. வீட்டுப் பெண்கள் சமைப்பது விடியலிலும் அந்தியிலும். அடுப்பு எரிவது உச்சி வெயிலில். 1973-ல் எண்ணெய் விலை ஏறிய பிறகு மீண்டும் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். 1980-ஐ ஒட்டிச் சென்னை கிண்டி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் மேற்கு ஜெர்மானிய ஒத்துழைப்புடன் 10 கிலோவாட் சூரிய வெப்ப மின் நிலையம் ஒன்று சோதனைக்காக அமைந்தது. 1982-ல் மத்திய அரசில் மரபுசாரா ஆற்றலுக்கென்றே தனித்துறை ஏற்பட்டது. அதன்பின் விடுதிகள், மருத்துவமனைகள், பால் பண்ணைகள் ஆகியவற்றின் கூரைகளில் தட்டைத் தகடுகள் ஏறின. மின்சாரம் தயாரிக்கும் ஆசையை ஓரமாக வைத்துவிட்டு, வெந்நீர் என்ற எளிய வேலைக்கு வந்த இந்தக் கட்டத்தைத்தான் நான் திருப்புமுனை என்பேன்.

இனி நம் அரிசி ஆலைக்குத் திரும்புவோம். நம் பக்கம் ஒரு சதுர மீட்டர் கூரைமேல் நல்ல நாளில் விழும் வெயில் சுமார் 4,500 கிலோ கலோரி. நடைமுறை இழப்புகளையெல்லாம் கழித்துப் பார்த்தால், 1,000 லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 20 சதுர மீட்டர் தகடு வேண்டும். இந்த நீரைக் கொதிகலனுக்குக் கொடுத்தால் மிச்சம் 610-ல் 30, அதாவது நூற்றுக்கு ஐந்து. ஆலை முதலாளி உதட்டைப் பிதுக்குவார், அவர்மேல் குற்றமில்லை.

ஆனால் அரிசி ஆலையில் நீராவியைவிட முந்தி ஒரு வேலை இருக்கிறது. பழைய முறையில் நெல்லைக் குளிர்ந்த நீரில் ஒன்றிரண்டு நாளுக்குமேல் ஊறப்போடுவார்கள். புழுங்கல் அரிசிக்கு அந்த ஊறல் வாடை வருவது அதனால்தான். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இதற்கு மாற்றாகச் சுடுநீர் ஊறல் முறையை உருவாக்கியது. 85 டிகிரி வெந்நீரில் நெல்லைக் கொட்டினால் கலவை 70 டிகிரிக்கு வந்து நிற்கும். மூன்று நான்கு மணி நேரத்தில் ஊறல் முடியும், வாடையும் இல்லை. ஒரு டன் நெல்லுக்கு ஒரு டன்னுக்கு மேல் வெந்நீர் வேண்டும். இங்கே உள்ளுறை வெப்பத்தின் தொல்லையே இல்லை. 30-லிருந்து 85-க்கு ஏற வேண்டிய 55 டிகிரியில் முதல் 30 டிகிரியைச் சூரியன் தந்துவிடுகிறது. பாதிக்கு மேல்! கொதிகலன் மீதி 25-ஐ மட்டும் தந்தால் போதும். ஒரே தகடு, ஒரே வெயில். ஓரிடத்தில் ஐந்து பங்கு, மற்றோரிடத்தில் ஐம்பதுக்கு மேல்.

அப்படியானால் ஏன் எல்லா ஆலையிலும் இல்லை? உமிதான் காரணம். ஒரு டன் நெல்லில் சுமார் 200 கிலோ உமி வருகிறது. அதை அள்ளிப் போக ஆள் தேடிய காலம் ஒன்று இருந்தது. சும்மா கிடைக்கும் எரிபொருளை மிச்சம் பிடிக்க யார் பணம் போடுவார்கள்? உமிக்குச் செங்கல் சூளையிலும் மின் நிலையத்திலும் விலை வந்த பிறகே கணக்கு மாறத் தொடங்கியது. டீசல் எரிக்கும் கொதிகலனானால் நிலைமை வேறு: மேற்சொன்ன 1,000 லிட்டருக்கு நாள்தோறும் நான்கு லிட்டருக்குமேல் டீசல் மிச்சம். செங்கற்பட்டில் நவரை நெல் அறுவடையாகி ஆலைக்கு வருவது சித்திரை, வைகாசி வெயிலில் என்பதும் ஒரு வாய்ப்பு.

செய்து பார்க்க முனைவோருக்குச் சில எச்சரிக்கைகள். உப்புக் கலந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரைத் தகட்டுக் குழாய்களில் விட்டால், கெட்டிலின் அடியில் படிவதுபோல் வெள்ளைப் படிவு ஏறிக் குழாய் அடைபடும். மென்னீராக்கியே விட வேண்டும். கொதிகலனுக்கு நீர் செலுத்தும் 'இன்ஜெக்டர்' கருவி, 1858-ல் பிரான்சில் ஜிஃபார் கண்டது, குளிர்ந்த நீரை நம்பியே வேலை செய்கிறது. சுடுநீரைக் கொடுத்தால் மக்கர் செய்யும். பம்பு வைத்தாலும், வெந்நீர்த் தொட்டி பம்புக்கு மேலே நல்ல உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உறிஞ்சும் இடத்திலேயே நீர் குமிழியாகிப் பம்பைத் தின்றுவிடும். ஒரு நன்மையும் உண்டு. நீர் சூடாகும்போது அதில் கரைந்த ஆக்சிஜன் வெளியேறுகிறது. தொட்டியிலேயே அது போய்விட்டால் கொதிகலனின் இரும்பு துருப்பிடிப்பது குறையும்.

பெரிய அளவில் இதைச் செய்தவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் லிட்டல் அனல்மின் நிலையத்தில் 2000-களில் கண்ணாடி வயல் ஒன்றை அமைத்து ஊட்டுநீரைச் சூடாக்கினார்கள். அந்த நிலையம் 2023-ல் மூடப்பட்டது. நமக்கு அருகில் பார்க்க வேண்டுமானால், மாமல்லபுரத்திலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே போய் ஆரோவில்லின் சூரியச் சமையற்கூடத்தைப் பாருங்கள். 1997-ல் தொடங்கிய அக்கூடத்தின் கூரைமேல் 15 மீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடிக் கிண்ணம் அமைக்கப்பட்டது. ஆடம்ஸ் கண்ணாடியை உருட்டினார், கொதிகலனை நிறுத்தினார். இங்கே கிண்ணம் அசையாது. அதற்குமேல் தொங்கும் வெப்ப ஏற்பிதான் சூரியனுக்கு ஏற்ப நகரும். தெளிந்த நாளில் 150 டிகிரி வரை சூடேறி, ஆயிரம் பேருக்கு இருவேளைச் சமையலுக்கு வேண்டிய நீராவி கிடைக்கும்படி அது திட்டமிடப்பட்டது. அதனோடு இணைத்து டீசலில் எரியும் கொதிகலன் ஒன்றையும் வைத்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கொள்ளும்போது அடுப்பு அணையக்கூடாது அல்லவா?