பழைய விசைப்படகில் 12 வோல்ட் வயரிங்

விசைப்படகின் குறைமின்னழுத்த வயரிங் என்பது பேட்டரியில் புறப்பட்டு, செல்ஃப் மோட்டார், திசை விளக்குகள், விஎச்எஃப் வயர்லெஸ், ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், அடித்தளத்துத் தண்ணீரை இறைக்கும் பம்ப் என்று படகு முழுக்கச் சுற்றி, மறுபடி பேட்டரிக்கே திரும்பும் 12 அல்லது 24 வோல்ட் டிசி இணைப்புகளின் தொகுப்பு. புதுப் படகில் இது ஒழுங்காகத்தான் இருக்கும். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய படகில் வீல்ஹவுஸ் பலகையைக் கழற்றிப் பார்த்தால் எந்த வயர் எங்கே போகிறது என்று டிரைவருக்கும் தெரியாது, உரிமையாளருக்கும் தெரியாது.

கடலே இல்லாத டில்லியிலும் மின் பாதுகாப்புக்கு ஒரு முகவரி உண்டு. தமிழர்களுக்கு மலை மந்திர் முருகனால் பழக்கமான ஆர்.கே.புரத்தில், சேவா பவன் கட்டடத்தில், மத்திய மின்சார ஆணையம் இயங்குகிறது. நாட்டின் மின் பாதுகாப்பு விதிமுறைகளை 2010-லும், அவற்றைப் புதுப்பித்து 2023-லும் வெளியிட்டது இந்த ஆணையம்தான். அதற்கு முன் நடப்பில் இருந்த 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் 250 வோல்ட் வரை எல்லாவற்றையும் குறைந்த மின்னழுத்தம் என்றே வகுத்திருந்தன. அந்தக் கணக்கில் வீட்டுப் பிளக்கும் படகு பேட்டரியும் ஒரே வகுப்பு. உலக அளவிலான மின்தொழில்நுட்பத் தரங்கள் ஏசியில் 50 வோல்ட், டிசியில் 120 வோல்ட் வரை உள்ளதை மிகக் குறைந்த மின்னழுத்தம் என்று தனியே பிரிக்கின்றன. இந்தப் பிரிவுகளின் அடிப்படை, மனித உடம்புக்கு ஷாக் அடிக்குமா என்ற கேள்வி. 12 வோல்ட் சாதாரணமாக ஷாக் அடிக்காது. ஆனால் தீ வைக்கும். முழு சார்ஜில் உள்ள 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரியின் இரண்டு முனைகளையும் ஒரு ஸ்பேனர் தொட்டுவிட்டால் அதன் வழியே ஆயிரம் ஆம்பியருக்கு மேலும் பாயலாம். ஸ்பேனர் பழுக்கச் சிவந்துவிடும்.

தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேடு, நாகப்பட்டினம், ராமேஸ்வரம், தூத்துக்குடி என்று எல்லா இடத்திலும் படகைக் கரையேற்றிக் கலப்பத்து, பெயின்ட், இன்ஜின் வேலை பார்ப்பது இந்த நாட்களில்தான். வயரிங் பெரும்பாலும் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போகும். தள்ளிப்போடக் கூடாத வேலை அது. ஏனென்றால் படகில் கருவிகள் வருடாவருடம் கூடிக்கொண்டே போகின்றன. 2017 நவம்பர் கடைசியில் அடித்த ஒக்கிப் புயலுக்குப் பிறகு கரையோடு தொடர்பு வைத்திருக்கும் கருவிகளின் அவசியம் எல்லோருக்கும் உறைத்தது. ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் தேசியத் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. ஒவ்வொரு கருவி வரும்போதும் அதைப் பொருத்தியவர் கைக்கு எட்டிய வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போயிருப்பார். பழைய கருவியைக் கழற்றியவர் அதன் வயரைக் கழற்றியிருக்க மாட்டார். குவியல் உருவாவது இப்படித்தான்.

குவியலைவிட மோசமானது உப்பு. கடைகளில் 90 மீட்டர் சுருளாகக் கிடைக்கும் வீட்டு வயர் ஐ.எஸ். 694 தரத்தில் 1100 வோல்ட் தாங்கும் உறையோடு வருகிறது. உறையில் குறையில்லை. உள்ளே இருப்பது வெறும் செம்பு. வெட்டிய முனை வழியாக உப்பு ஈரம் செம்பிழைகளுக்கு இடையே ஊறிக்கொண்டே உள்ளே போகும். ஒரு கை நீளத்துக்கு உறையைச் சீவினாலும் இழைகள் கறுத்து, சில இடத்தில் பச்சை பூத்து, விரலால் நிமிண்டினால் பொடியாக உதிரும். அதனால்தான் படகுகளுக்கென்று ஈயம் பூசியதுபோல் வெள்ளையாகத் தெரியும் வயர், அதாவது ஒவ்வொரு செம்பிழைக்கும் வெள்ளீயப் பூச்சுள்ள வயர், சிபாரிசு செய்யப்படுகிறது. விலை கூடுதல்தான். பாதி வயரை மாற்றிவிட்டுக் கறுத்த மீதியோடு முறுக்கி வைப்பதற்கு, பழையதையே விட்டு வைத்திருக்கலாம்.

இந்த மாதிரி வயரில் மல்டிமீட்டர் ஏமாற்றும். விளக்கு எரியவில்லை என்று ஹோல்டரில் மீட்டரை வைத்தால் 12.5 வோல்ட் காட்டும். பல்பைப் போட்டால் மங்கும். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிக மிகக் குறைவு. நூற்றில் ஒரு இழை பிழைத்திருந்தாலும் முழு வோல்ட்டையும் காட்டிவிடும். பல்பு எரியும்போதே அளந்தால்தான் உண்மை தெரியும். பழைய எலக்ட்ரீஷியன்கள் மீட்டரை ஒதுக்கிவிட்டு டெஸ்ட் லேம்பைக் கையில் வைத்திருப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது.

நல்ல வயரிலும் வோல்ட் குறையும். உயரத்தில் உள்ள 25 வாட் விளக்கு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் எடுக்கும். பேட்டரியிலிருந்து விளக்கு 15 மீட்டர் என்றால் போகவர 30 மீட்டர் வயர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பில் இதன் தடை 0.35 ஓம், வழியிலேயே 0.7 வோல்ட், அதாவது 6 சதவீதம் போய்விடும். அமெரிக்கப் படகுத் தொழில் அமைப்பான ஏபிஒய்சியின் தரம் திசை விளக்கு போன்ற முக்கிய இணைப்புகளுக்கு 3 சதவீதம்தான் அனுமதிக்கிறது, மற்றவற்றுக்கு 10 சதவீதம். 3 சதவீதத்துக்குள் நிற்க 4 சதுர மில்லிமீட்டர் வயர் வேண்டும். எல்இடி விளக்கு என்றால் மின்னோட்டம் பல மடங்கு குறைவு, மெல்லிய வயரே போதும். ஆனால் மலிவான எல்இடிகள் விஎச்எஃப் ரேடியோவைக் கெடுக்கின்றன என்று 2018-ல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை எச்சரித்தது. விளக்கைப் போட்டதும் வயர்லெஸ்ஸில் இரைச்சல் கூடினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது விளக்கைத்தான்.

வயர்லெஸ்ஸின் கதை இன்னும் சிக்கலானது. 25 வாட் விஎச்எஃப் கருவி, கேட்கும்போது அரை ஆம்பியர்கூட எடுக்காது. பேசும்போது 5, 6 ஆம்பியர் கேட்கும். இணைப்பு பலவீனமாக இருந்தால் அடுத்த படகின் பேச்சு தெளிவாகக் காதில் விழும், பட்டனை அமுக்கிப் பேசினால் கருவி அணைந்துவிடும். ஆபத்தில் உதவி கேட்க வேண்டிய 16-ஆம் சேனல் இப்படிப்பட்ட படகில் ஒருவழிப் பாதை.

சீரமைக்கும் முறைக்கு வரலாம். வெட்டுவதற்கு முன் படம் எடுத்து, ஒவ்வொரு வயருக்கும் இரண்டு முனையிலும் ஒரே எண்ணை ஒட்ட வேண்டும். பிறகு பேட்டரியைக் கழற்ற வேண்டும்: முதலில் மைனஸ், அப்புறம் பிளஸ். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். இந்த வரிசை மாறினால், பிளஸ் நட்டைத் திருகும் ஸ்பேனர் இன்ஜின் உடம்பில் பட்டதும் பொறி பறக்கும். சார்ஜ் ஏறும் லெட்-ஆசிட் பேட்டரி ஹைட்ரஜனை வெளிவிடும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். காற்றோட்டமில்லாத இன்ஜின் அறையில் பொறி என்பது சின்ன விஷயமல்ல.

செத்த வயர்களை முழுசாக உருவி எடுத்துவிடுவது நல்லது. மிச்சமுள்ளவற்றுக்கு முறுக்கி டேப் சுற்றும் ஜாயின்ட் உதவாது. இன்ஜின் அதிர்வில் அது தளரும், டேப் வெயிலில் இளகும். வயருக்கேற்ற அளவு வளைய லக்கைச் சரியான கருவியால் கிரிம்ப் செய்து, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாய் போட்டு, டெர்மினலில் நட்டால் இறுக்க வேண்டும். சாலிடர் மட்டும் வைத்த முனை, சாலிடர் முடியும் இடத்தில் விறைத்து, அதிர்வில் அங்கேயே ஒடியும்.

நிறத்திலும் கவனம் தேவை. வீட்டு வயரிங்கில் கைதேர்ந்தவருக்குக் கறுப்பு என்றால் நியூட்ரல். படகு டிசியில் சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். ஜெனரேட்டரும் உள்ள படகில் இரண்டு கறுப்பும் ஒரே பலகையில் சந்தித்தால் விபரீதம். ஏசியையும் டிசியையும் தனித்தனிப் பலகையில் பிரித்து வைப்பதே வழி.

ஃப்யூஸ் காப்பது கருவியை அல்ல, வயரை. அதனால் அது பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஏபிஒய்சி சொல்லும் தூரம் 7 அங்குலம். கார்களில் வரும் பிளேடு ஃப்யூஸே போதுமானது: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. கையில் ஃப்யூஸ் இல்லாதபோது சிகரெட் பெட்டி ஜிகினாத் தாளைச் சுருட்டி வைப்பதுண்டு. அப்படி வைத்த இடத்தில் அடுத்து உருகப்போவது சுவருக்குள் இருக்கும் வயர். தண்ணீர் இறைக்கும் பம்புக்கு மட்டும் மெயின் சுவிட்சைத் தாண்டி, தனி ஃப்யூஸோடு நேரடி இணைப்பு தர வேண்டும். ஆளில்லாத படகில் ராத்திரி தண்ணீர் ஏறினால் மிதவை சுவிட்ச் தானாகவே அதை ஓட்டும்.

இரும்புப் படகில் இன்னொரு இழப்பும் உண்டு, கண்ணுக்குத் தெரியாது. உறை கிழிந்த பிளஸ் வயர் அடித்தளத்து ஈரத்தில் கிடந்தால், கசியும் மின்சாரம் உலோகம் வழியே கடலுக்குள் இறங்கும் இடத்தில் இரும்பை அரிக்கும். ஒரு ஆம்பியர் வருடம் முழுக்கக் கசிந்தால் கரையும் இரும்பு சுமார் 9 கிலோ. எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, பேட்டரி மைனஸில் மீட்டரைத் தொடராக வைத்து ஓடும் மின்னோட்டத்தைப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். அந்தச் சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும், செலவில்லை.

திசை விளக்குகளை 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகள் வரையறுக்கின்றன. இழுவலை போட்டிருக்கும் படகு மேலே பச்சை, கீழே வெள்ளை காட்ட வேண்டும். மற்ற வலை என்றால் சிவப்புக்குக் கீழே வெள்ளை. எதிரே வரும் சரக்குக் கப்பலின் மாலுமி இருட்டில் படகை அடையாளம் காண்பது இந்த இரண்டு நிறங்களால். சீரமைப்பு முடிந்ததும் முதலில் சோதிக்க வேண்டியவை இவைதாம், அதுவும் இன்ஜினை நிறுத்திவிட்டு, பேட்டரியில் மட்டும்.

வேலை முடிந்த கையோடு எண்களைக் குறித்து வயரிங் படம் ஒன்று வரைந்து, பிளாஸ்டிக் உறை போட்டு வீல்ஹவுஸ் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். அடுத்து அந்தப் பலகையைத் திறக்கப்போகிறவர் வேறொருவராக இருப்பார். பெரும்பாலும் கரையில் இருக்க மாட்டார்.