அலைகளுக்கு நடுவே நெய்வேலி

ஒலிபரப்பின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் நிலையங்கள் திறக்கப்பட்ட தேதிகளையும், திறந்துவைத்த பிரமுகர்களின் பெயர்களையும், கோபுரங்களின் உயரத்தையும் வரிசைப்படுத்திவிட்டு, அந்த அலைகள் எவருடைய செவியில் போய் விழுந்தன என்ற கேள்வியைக் கடைசியில் ஒரு பத்தியில் முடித்துவிடுகிறார்கள். பேசுபவர் சிலரும் கேட்பவர் லட்சக்கணக்கினருமாக அமைந்த ஒரு சாதனத்தின் கதையைக் கேட்டவர்களின் பக்கத்திலிருந்தே சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். அதற்கு நான் தேர்ந்துகொள்ளும் இடம், மத்திய அலை கோலோச்சிய பல ஆண்டுகள் தனக்கென ஒரு வானொலி நிலையம் இல்லாமல், வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் கடலுக்கு அப்பாலிருந்தும் வந்த குரல்களை வாங்கிக்கொண்டிருந்த நெய்வேலி நகரியம்.

அந்த நகரியம் தோன்றுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தமிழகத்தில் ஒலிபரப்பு வேர்விட்டுவிட்டது. சி.வி. கிருஷ்ணசாமிச் செட்டியாரின் முயற்சியால் 1924 மே 16 அன்று சென்னை மாகாண ரேடியோ கிளப் ஸ்தாபிக்கப்பட்டு, அவ்வாண்டு ஜூலை 31 முதல் ஒரு சிறு கருவியைக் கொண்டு ஒலிபரப்பத் தொடங்கியது. பணமுடையால் 1927-இல் அது நின்றுபோக, அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி, 1930 ஏப்ரல் 1 முதல் தானே அந்தப் பணியை ஏற்று நடத்தியது. இதில் நான் விசேஷமாகக் கருதுவது, வீட்டில் பெட்டி வைத்திருந்த சில நூறு தனவந்தர்களை மட்டும் எண்ணி மாநகராட்சி இதை நடத்தவில்லை என்பதைத்தான். கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை நிறுவி, மாலையில் காற்று வாங்க வந்தவன் கையில் காசில்லாமலே சங்கீதத்தைக் கேட்டுப் போகும்படி செய்தது அது. ஆக, தமிழர்களில் பெரும்பாலோர் வானொலியை முதன்முதலில் கேட்டது, முன்பின் அறியாதவர்களோடு தோளுரச நின்றபடி, பொது இடத்தில்தான். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே 16 அன்று திருச்சிராப்பள்ளி நிலையமும் பிறந்த பிறகும் இந்தப் பழக்கம் மாறவில்லை. கிராமங்களில் பஞ்சாயத்துக் கட்டடத்தையொட்டிய ரேடியோ அறையும், அதன் மேல் கட்டிய குழாய் ஒலிபெருக்கியும், அந்திநேரத்தில் திண்ணையில் வந்து கூடியவர்களும், அந்தக் கடற்கரைக் கூட்டத்தின் வாரிசுகளே.

ஆனால் கேட்பதற்கும் ஒரு சக்தி வேண்டியிருந்தது. வால்வுகளால் இயங்கிய அக்காலத்துப் பெட்டி, இழை சூடேறிய பிறகே பேசத் தொடங்கும்; மின்சாரம் எட்டாத ஊரில் அதற்குக் கனத்த மின்கலங்கள் வேண்டும்; அவை வற்றிப்போனால் வண்டியிலேற்றி நகரத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் மின்னேற்றி வர வேண்டும். பின்னாளில் நெய்வேலி எழுந்த தென்னார்க்காட்டு மாவட்டத்தின் வறண்ட செம்மண் மேட்டில், முந்திரியும் பலாவும் விளையும் கிராமங்களில், பெட்டி ஊமையாகக் கிடந்த நாட்கள் பேசிய நாட்களைவிடக் குறைவாக இருந்திருக்க முடியாது. அலைகள் அந்த மண்ணின்மீது 1939 முதலே போய்க்கொண்டிருந்தன. அவற்றைச் சொல்லாக மாற்றும் சக்தியோ அதே மண்ணுக்கு அடியில் பழுப்பு நிலக்கரியாகப் படுத்துக் கிடந்தது.

ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரும்பொருள் வெளிப்பட்ட கதையை அந்த வட்டாரத்துக் குழந்தைகளும் அறிவார்கள். அதை நான் விரிக்கவில்லை. 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவுசெய்யப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். பொங்கு நீரின் அழுத்தத்தோடு இடைவிடாது போராடி, ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சத வெட்டுச் சக்கரங்களால் மேல்மண்ணை அகற்றி, 1961-இல் கரிப்படுகையை எட்டினார்கள். சோவியத் நாட்டின் ஒத்துழைப்போடு நிர்மாணிக்கப்பட்ட அனல்மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் இயந்திரம் 1962-இல் ஓடத் தொடங்கி, 1970-க்குள் மொத்தம் 600 மெகாவாட்டாக வளர்ந்தது. தமிழகத்துக் கிராமங்களுக்கு மின்கம்பங்கள் வேகமாக நடந்துபோன காலமும் அதுதான். நெய்வேலி தன் குரலை எந்த அலைவரிசையிலும் ஏற்றவில்லை. பிறர் குரல் கேட்பதற்கான உயிர்ச்சக்தியை அது அனுப்பிவைத்தது.

இனி அந்த நகரியத்தின் வீடுகளுக்குள் போவோம். சுரங்கத்துக்கும் மின் நிலையத்துக்கும் வேலைக்கு வந்தவர்கள் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும், பிற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். எண்ணிட்ட வட்டங்களில், மரங்கள் அடர்ந்த அகலச் சாலைகளின் இருமருங்கிலும், ஒரே மாதிரியான வீடுகளில் குடியேறிய அவர்களுக்குள் பேச்சுவழக்கு வேறு, உணவு வேறு, குலதெய்வம் வேறு. அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் கட்டி, உரிமப் புத்தகத்தில் முத்திரை பெற்று வைத்திருந்த வானொலிப் பெட்டியின் முள், அவரவர் விட்டுவந்த ஊரின் திசையில் நகர்வதற்கு இயற்கையும் இடங்கொடுத்தது. பகலில் மத்திய அலை நிலத்தைத் தழுவியே செல்வதால் அருகிலுள்ள நிலையமே தெளிவாகக் கேட்கும். சூரியன் மறைந்ததும் வளிமண்டலத்தின் மேலே அலையை விழுங்கிக்கொண்டிருந்த அடுக்கு கலைந்துபோக, அலைகள் அதற்கும் மேலுள்ள அடுக்கில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் வந்து இறங்கும். ஆகவே பகலில் திருச்சியும் சென்னையும், 1967 செப்டம்பருக்குப் பின் புதுச்சேரியும் ஆண்ட பெட்டியில், இரவில் திருவனந்தபுரமும் ஹைதராபாத்தும்கூட எட்டிப் பார்க்க வழியிருந்தது. இரவு ஷிப்டுக்குப் போகிறவனுக்கும் ஷிப்ட் முடிந்து வந்தவனுக்கும் அந்த நேரத்து வானம் மிகவும் நெருக்கமானது.

இத்தனை நிலையங்களுக்கு இடையிலும் மக்களின் மனத்தைக் கொள்ளைகொண்டது கொழும்புதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியாவிலிருந்த நேசநாட்டுப் படைகளுக்காக இலங்கையில் நிறுவப்பட்ட ஆற்றல்மிக்க சிற்றலைக் கருவி, போர் ஓய்ந்தபின் அந்நாட்டு வானொலியின் கைக்கு வந்தது. 1950 செப்டம்பர் 30 முதல் வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. அதே சமயத்தில் டில்லியில் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக 1952-இல் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர், சாஸ்திரிய சங்கீதத்தின்மீது கொண்ட மெய்யான பக்தியால் சினிமாப் பாட்டுக்கு அகில இந்திய வானொலியில் இடத்தைச் சுருக்கினார். அவருடைய நோக்கத்தை நான் இழிவாகக் கருதவில்லை. நாகசுரத்துக்கும் வீணைக்கும் வானொலி அளித்த ஆதரவால் பல வித்துவான்களின் குடும்பம் பிழைத்தது. ஆனால் கேட்பவனைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதை அவர் கணக்கில் கொள்ளவில்லை. முள்ளைச் சற்றே திருப்பினால் கொழும்பு அறிவிப்பாளர் மயில்வாகனனின் கலகலப்பான குரல் காத்திருந்தது, பிற்காலத்தில் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் இருந்தார்கள். காலையில் 'பொங்கும் பூம்புனல்' நிகழ்ச்சி இருந்தது. 1957 அக்டோபரில் அகில இந்திய வானொலியின் விவித பாரதி தொடங்கப்பட்டதற்குக் கொழும்புக்கு மாறிப்போன செவிகளே காரணம். அதிகாரத்தில் இருப்பவர்களைச் சாதாரண ஜனங்கள் விரலசைவினாலேயே திருத்திய சம்பவங்கள் நம் நாட்டில் அதிகமில்லை. இது அவற்றுள் ஒன்று.

செய்தியைப் பொறுத்தவரை நிலைமை வேறு. டில்லியிலிருந்து பூர்ணம் விஸ்வநாதனும், பின்னர் சரோஜ் நாராயணசாமியும் வாசித்த தமிழ்ச் செய்தியை அஞ்சல் செய்த நேரத்தில் பாட்டை விரும்புகிறவனும் முள்ளைத் திருப்ப மாட்டான். 1964 மே 27 அன்று, ஏழே ஆண்டுகளுக்கு முன் நெய்வேலிச் சுரங்கத்தைத் தொடங்கிவைத்த நேரு மறைந்தார் என்ற சேதி நாடெங்கும் பரவியது வானொலியின் வழியாகத்தான்.

நெய்வேலிக்கும் ஒலிபரப்புக்கும் உள்ள உறவில் நான் மிகவும் அருமையாகக் கருதும் அத்தியாயம் நெல்லைப் பற்றியது. ஜப்பானிய வகையொன்றையும் நம் நாட்டு வகையொன்றையும் இணைத்து ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல், 1960களின் நடுவில் தஞ்சை மாவட்டத்து வயல்களுக்கு வந்தபோது, அதை எப்படி நாற்றுவிடுவது, எத்தனை நாளில் நடுவது, எப்போது எவ்வளவு உரமிடுவது என்பதையெல்லாம் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சி, விஞ்ஞானியின் பாஷையை விலக்கி, காவிரிக்கரைப் பேச்சிலேயே சொல்லிக்கொடுத்தது. பரம்பரையாக வந்த முறையை ஒரே பருவத்தில் மாற்றிக்கொள்வது விவசாயிக்கு எத்தனை பெரிய துணிச்சல் என்பதை மண்ணோடு பழகியவர்கள் அறிவார்கள். அவர்கள் அதைச் செய்தார்கள். செய்ததோடு நில்லாமல், அந்தப் புது நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்று பெயரும் வைத்தார்கள். அந்த நெல்லின் பசி தழைச்சத்து. தழைச்சத்தின் செறிந்த வடிவம் யூரியா. பழுப்பு நிலக்கரியிலிருந்து யூரியா செய்யும் உரத் தொழிற்சாலை நெய்வேலியில் செயல்படத் தொடங்கிய ஆண்டு 1966. திருச்சியிலிருந்து சொல் போயிற்று, நெய்வேலியிலிருந்து உரமும் மின்சாரமும் போயின, வரப்பில் வைத்த டிரான்சிஸ்டர் பெட்டியின் அருகே நின்ற ஒருவன் இரண்டையும் சேர்த்து விளைவித்தான். இந்த மூவரையும் ஒரே வாக்கியத்தில் வைத்து எழுதாத ஒலிபரப்பு வரலாறு எனக்குக் குறையுடையதாகவே தோன்றுகிறது.

நெய்வேலி உருவாகிவந்த ஆண்டுகளில் வட ஆப்பிரிக்காவின் அல்ஜீரியாவில் நடந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். பிரெஞ்சு ஆட்சியின் குரலாகவே அல்ஜியர்ஸ் வானொலி இருந்தவரை, அந்நாட்டு மக்களில் வசதியுள்ளவர்களும் அதை வீட்டுக்குள் விடாமல் ஒதுக்கிவைத்தார்கள் என்றும், 1956 டிசம்பரில் விடுதலைப் போராளிகளின் ரகசிய ஒலிபரப்பு ஆரம்பமானதும் கடைகளில் பெட்டிகள் தீர்ந்துபோயின என்றும், அப்போரில் பங்கேற்ற மருத்துவர் பிரான்ஸ் ஃபனோன் எழுதியிருக்கிறார். மின்சாரமில்லாத அந்த மலைக் கிராமங்களில் மின்கலத்தால் ஓடும் பெட்டிகளே தேவைப்பட்டன. அரசு அவற்றின் விற்பனையைக் கட்டுப்படுத்தியது, ஒலிபரப்பைக் குறுக்கலைகளால் குலைத்தது. ஒரு வாக்கியம் கேட்டால் அடுத்தது கேட்காத நிலையில், கூட்டமாக அமர்ந்திருந்தவர்கள் விடுபட்ட சொற்களைத் தாங்களே ஊகித்து நிரப்பிக்கொண்டார்கள். 1962 அக்டோபர் 28 அன்று, சுதந்திரம் பெற்ற நான்கு மாதங்களுக்குள், அல்ஜியர்ஸ் வானொலி-தொலைக்காட்சி மாளிகையை அந்நாட்டுப் பணியாளர்கள் தம் வசமாக்கிக்கொண்டார்கள். நெய்வேலியில் முதல் இயந்திரம் ஓடத் தொடங்கிய ஆண்டும் அதுவே. அங்கே ரத்தம் சிந்திப் பெற்ற உரிமை இங்கே அமைதியாக வந்தது. ஆயினும் கூடியிருந்து கேட்டவர்கள் தாம் கேட்டதன்மேல் செலுத்திய அதிகாரம் இரு இடங்களிலும் ஒரே தன்மையுடையது என்பது என் துணிபு.

வானொலிக்கு அப்பால், தொலைபேசியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது எங்கும் ஏறக்குறைய ஒன்றே. டிரங்க் காலுக்குப் பதிவுசெய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலமும், அவசரமானால் பல மடங்கு கட்டணத்தில் லைட்னிங் கால் கேட்ட காலமும், பிறகு மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகளின் காலமும், செல்பேசி வந்து அவற்றை அகற்றிய காலமும் நெய்வேலியையும் கடந்து போயின. 2013 ஜூலையில் தந்தி நின்றது. தொலைக்காட்சியும் அப்படித்தான்: சென்னையில் 1975 ஆகஸ்ட் 15 அன்று அது தொடங்கியபோது தொலைவிலிருந்த ஊர்களுக்கு அது பத்திரிகைச் செய்தியாக மட்டுமே இருந்தது; 1982-இல் இலங்கையின் ரூபவாகினி தொடங்கியதும் தமிழகக் கடலோர ஊர்களில் மாடிக்கு மாடி உயரமான ஆன்டெனாக்கள் தெற்கு நோக்கி நின்றன.

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், பண்ருட்டி வட்டாரத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. மின்கம்பங்களும் செல்பேசிக் கோபுரங்களும் வீழ்ந்தன. நாட்டுக்கு மின்சாரம் தரும் ஊரைச் சுற்றியுள்ள கிராமங்கள் பல நாட்கள் இருளிலும் மௌனத்திலும் கிடந்தன. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2015 நவம்பரில், ஒரே நாளில் நெய்வேலியில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை, சுரங்கத்தையும் வயல்களையும் ஒருங்கே மூழ்கடித்தது. அந்தப் பெருவெள்ளத்தை அடுத்து டிசம்பரில் கடலூரில் 107.8 மெகாஹெர்ட்ஸில் 'பேரிடர் கால வானொலி' தொடங்கப்பட்டது. சென்னையின் குரலையும் திருச்சியின் குரலையும் கொழும்பின் குரலையும் தலைமுறைகளாகக் கேட்டுவந்த மாவட்டத்துக்கு, குடிநீர் எங்கே கிடைக்கும், மருத்துவ முகாம் எந்தத் தெருவில், நிவாரணத்துக்கு எங்கே விண்ணப்பிப்பது என்பதை அந்த மாவட்டத்துப் பேச்சிலேயே அது சொல்லியது. செல்பேசியிலும் சிறு பெட்டிகளிலும் ஜனங்கள் அதைக் கேட்டார்கள்.