எதுக்கு ஸ்கோப்? – ஒரு பழைய கேள்வியின் வரலாறு

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி தன் மகளோடு வானகரம் வீட்டுக்கு வந்திருந்தாள். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். பெண் கேட்டாள்: "தாத்தா, எந்த பிராஞ்சுக்கு ஸ்கோப் இருக்கு?" நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "சார், எனக்குச் சொன்ன பதிலை இவளுக்குச் சொல்லிடாதீங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அது என்ன பதில் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் இந்த 'ஸ்கோப்' வந்த கதை.

1794-இல் சென்னைக் கோட்டைக்கு அருகே மைக்கேல் டாப்பிங் என்பவரின் யோசனைப்படி ஒரு சர்வே பள்ளி தொடங்கியது. மாணவர்கள் எட்டுப் பேர். கம்பெனி ஆட்சிக்கு நிலவரி வேண்டும். வரி போட நிலத்தை அளக்க வேண்டும். ஆகவே அன்றைய ஸ்கோப் நில அளவை! பிறகு சாலை, கால்வாய், பாலம் என்று வேலைகள் பெருகின. 1858-இல் அதுவே சிவில் இன்ஜினியரிங் பள்ளியானது, பின்னர் கல்லூரியானது. அந்த நூற்றாண்டிலேயே மெக்கானிக்கலும் சேர்ந்தது. 1920-இல் கல்லூரி கிண்டிக்கு இடம் மாறியது. எலெக்ட்ரிக்கல் பிரிவு வந்தது 1930-இல். பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் ஓடத் தொடங்கியது, மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊருக்கு எந்த வேலை வருகிறதோ, அதற்கேற்ற படிப்பும் வந்திருக்கிறது.

அதே கிண்டியில் 1940-இல் எலெக்ட்ரிக்கல் படிக்க ஒரு பெண் சேர்ந்தார். பெயர் அ. லலிதா. பதினைந்து வயதில் திருமணம், பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர், கையில் பச்சைக் குழந்தை. மருத்துவம் படித்தால் நேரங்காலம் பார்க்காமல் ஓட வேண்டும், குழந்தையை யார் பார்ப்பது என்று யோசித்துத்தான் பொறியியலுக்கு வந்தார். அப்பா பப்பு சுப்பா ராவ் அங்கேயே எலெக்ட்ரிக்கல் பேராசிரியர். லலிதாவைத் தொடர்ந்து பி.கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்ற இருவர் சிவிலில் சேர்ந்தார்கள். போர்க்காலம் என்பதால் படிப்புக்காலம் குறைக்கப்பட்டு, மூவரும் ஒன்றாகப் பட்டம் பெற்றார்கள். சான்றிதழில் ஆண்பாலில் அச்சாகியிருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாலில் கையால் எழுதிக் கொடுத்தார்களாம்! லலிதா பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்கடத்தல் பணிகளில் பங்கெடுத்தார். திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். நாட்டிலேயே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

அடுத்து குரோம்பேட்டை. 1949-இல் சி. ராஜம் எம்.ஐ.டி.யைத் தொடங்கியபோது விமானம், ஆட்டோமொபைல், எலெக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று புதிய பிரிவுகளாகத் தேர்ந்தெடுத்தார். அங்கே சேர அக்கா சோஹராவின் நகைகள் அடகுக்குப் போக, ராமேஸ்வரத்திலிருந்து வந்தார் அப்துல் கலாம். வளாகத்தில் காட்சிக்கு நின்ற இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துப் பார்த்தே விமானப் பொறியியலை எடுத்தார். படித்து முடித்து விமானப்படைத் தேர்வுக்குப் போனால் எட்டு இடம், இவர் ஒன்பதாவது. விரும்பிய கதவு மூடியது. ஆனால் படித்த படிப்பு வேறு கதவைத் திறந்தது. மீதிக் கதை உங்களுக்கே தெரியும்.

இனி நம் பக்கம். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் 1949-இல் வந்தது. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை 1955-இல். ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் பாடி லூகாஸ் டி.வி.எஸ்.ஸும் 1961-இல். 1964-இல் அம்பத்தூர் எஸ்டேட். நமக்கெல்லாம் இவை கம்பெனிப் பெயர்கள் மட்டுமல்ல, பஸ் ஸ்டாப் பெயர்களும்கூட. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் ஃபிட்டர், டர்னர், வெல்டர். அந்த வீடுகளில் இன்ஜினியர் என்றாலே மெக்கானிக்கல்தான்.

1984-இலிருந்து சுயநிதிக் கல்லூரிகள் பெருகின. தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் அலை. எல்லோருக்கும் அமெரிக்கக் கனவு. அந்த நேரத்தில்தான், 1998-இல், நான் மேலே சொன்ன மாணவி என்னிடம் வந்தாள். அப்பா எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். நல்ல கட்-ஆஃப். "சார், மெக்கானிக்கல் எடுக்கட்டுமா?" என்றாள். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா மெக்கானிக்கல்? கம்ப்யூட்டர் எடு, அதுக்குத்தான் ஸ்கோப்" என்றேன். எடுத்தாள். 2002-இல் அவள் வெளியே வந்தபோது கம்ப்யூட்டர் துறையே படுத்திருந்தது. இரண்டு வருடம் வேலையில்லை. அந்தக் காலத்தில் ஒருநாள்கூட என் வீட்டுப் படியேறி அவள் குறை சொன்னதில்லை. இன்று எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள்.

கம்ப்யூட்டர் தவறான படிப்பு என்று சொல்லவில்லை. என் மாணவர்கள் எத்தனையோ பேருக்கு அதுதான் வீடு கட்டிக் கொடுத்தது. என் தவறு வேறு. அவள் விருப்பத்தை நான் கேட்கவே இல்லை. கிண்டியில் ஏறக்குறைய அறுபது வருடத்துக்கு முன்பே மூன்று பெண்கள் எலெக்ட்ரிக்கலும் சிவிலும் படித்த கதை, பக்கத்திலேயே இருந்த இந்தக் கணக்கு வாத்தியாருக்குத் தெரியவும் இல்லை. தெரிந்திருந்தால் அந்த வாக்கியம் என் வாயில் வந்திருக்காது. அம்மா, இதைப் படிப்பாய் என்று தெரியும். மன்னித்துக்கொள்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது இதுதான். ஸ்கோப் என்பது நீ சேரும் நாளின் செய்தி. நீ வெளியே வருவது நாலு வருடம் கழித்து. பிராஞ்சின் பெயரை மட்டும் பார்க்காதே. நாலு வருடப் பாடத்திட்டத்தை எடுத்துப் படி. எந்தப் பாடத்தை யாரும் சொல்லாமலே படிப்பாய் என்று பார். அந்தத் துறையில் வேலை செய்பவர் ஒருவரைப் போய்ப் பார்த்து, ஒரு நாள் முழுக்க என்ன செய்கிறார் என்று கேள். கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போடும்போது, உனக்கு உண்மையில் பிடித்ததை முதலில் போடு. ஒதுக்கீடு அந்த வரிசைப்படிதான் வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பட்டியலைப் பார்த்து எழுதாதே.

"அப்போ மெக்கானிக்கல் போடலாமா தாத்தா?" என்றாள். "உனக்கு ஏன் பிடிக்கும், அதைச் சொல்" என்றேன். அரை மணி நேரம் பேசினாள். இந்த முறை நான் குறுக்கே பேசவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் என்ன எடுக்கப் போகிறார்கள், ஏன் என்று கீழே எழுதுங்கள். அனைவருக்கும் வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
வானகரம்