சிறுநீர்ப்பைக் கட்டியும் ஒரு மரபணுவின் கதையும்

அம்பத்தூர் பக்கம் கள்ளிக்குப்பத்திலாகட்டும், வேறு எந்த ஊரிலாகட்டும், சிறுநீரில் ரத்தம் போனால் முதலில் "உடம்புச் சூடு" என்றுதான் சொல்வார்கள். இளநீர், மோர் என்று நாட்கள் ஓடிவிடும். பல சமயம் காரணம் கல்லாகவோ கிருமித் தொற்றாகவோ இருக்கும். சிலருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி இருக்கும். அந்தக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை உள்சவ்வில் தோன்றுபவை. தசையிலும் நார்த்திசுவிலும் தோன்றும் மென்திசுக் கட்டிகள் மிக அபூர்வம். அபூர்வம் என்பதாலேயே அவற்றில் தவறு நேர வாய்ப்பும் அதிகம்.

சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது 1954ல். அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் கட்டியின் குணத்தை அறிய இருந்த முக்கிய வழி ஒன்றுதான். திசுவை மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது. நூல் நூற்கும் கதிரைப் போல இரு முனையும் கூரான செல்கள் நெருக்கமாகத் தெரிந்தால் 'சார்கோமா' என்ற கொடிய புற்றுநோய் என்று முடிவு செய்ய நேரும். பிறகு சிறுநீர்ப்பையையே எடுத்துவிட வேண்டியதுதான். பை போய்விட்டால் நோயாளி வாழ்நாள் முழுவதும் வயிற்றில் துளையிட்டு, வெளியே ஒரு பையை மாட்டிக்கொண்டு வாழ நேரலாம்.

ஆனால் எல்லாக் கதிர் வடிவச் செல்களும் கொடியவை அல்ல. 1980ல் ரோத் என்ற மருத்துவர், சார்கோமா போலவே தோன்றினாலும் சாதுவான ஒரு சிறுநீர்ப்பைக் கட்டியை விவரித்தார். 1984ல் புரோப், ஸ்கல்லி, ரோசாய் ஆகிய மூவர், அறுவை சிகிச்சை நடந்த இடத்தில் சில வாரங்களிலேயே முளைக்கும் இதே போன்ற முடிச்சுகளைப் பற்றி எழுதினார்கள். இரண்டும் புற்றுநோயாகத் தெரிந்தன, ஆனால் புற்றுநோய் போல நடந்துகொள்ளவில்லை. அப்படியானால் எதை வைத்துப் பிரித்தறிவது?

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1994ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோயை ஆராய்ந்தவர்கள், 2ஆம் குரோமோசோமும் 5ஆம் குரோமோசோமும் உடைந்து இடம் மாறி ஒட்டிக்கொள்வதைப் பின்தொடர்ந்து ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் ஏ.எல்.கே. வேறொரு மரபணுவுடன் ஒட்டிக்கொண்டால், அணைக்க முடியாத சுவிட்ச் போல அது செல்லை ஓயாமல் பெருகச் சொல்கிறது. 1999ல் இதே மரபணு, 'அழற்சி மயோஃபைப்ரோபிளாஸ்டிக் கட்டி' எனப்படும் மென்திசுக் கட்டியிலும் உடைந்திருப்பது தெரியவந்தது. சிறுநீர்ப்பையில் வரும் இவ்வகைக் கட்டிகள் பலவற்றிலும் அந்த அடையாளம் பிறகு காணப்பட்டது. தசையில் தோன்றும் சார்கோமாவிலோ அது பொதுவாக இருப்பதில்லை.

இதனால் என்ன லாபம்? இக்கட்டிகள் சில மறுபடி வளரலாம், ஆனால் உடலின் பிற இடங்களுக்குப் பரவுவது அரிது. எனவே பலருக்குக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, பையைக் காப்பாற்றி, தொடர்ந்து கண்காணித்தால் போதும்.

அடுத்து மருந்தும் வந்தது. 2007ல் ஜப்பானில் மானோ குழுவினர் சில நுரையீரல் புற்றுநோய்களிலும் ஏ.எல்.கே. மாற்றத்தைக் கண்டார்கள். அந்த நோய்க்காக 2011ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கிரிசோடினிப் மாத்திரை, அறுவை சிகிச்சையால் அகற்ற முடியாத ஏ.எல்.கே. வகை மென்திசுக் கட்டிகளுக்கும் 2022ல் அங்கு அனுமதிக்கப்பட்டது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இக்கட்டிகள் எல்லாவற்றிலும் ஏ.எல்.கே. மாற்றம் இருப்பதில்லை. சிலவற்றில் ராஸ்1 போன்ற வேறு மரபணுக்கள் மாறியிருக்கும். அரிதாகச் சில கொடிய கட்டிகளிலும் ஏ.எல்.கே. புரதம் தென்படும். ஆகவே பழைய நுண்ணோக்கிக்கு வேலை போய்விடவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே சரியான முறை.

நிணநீர் நோயில் தொடங்கிய ஒரு தேடல், யாரோ ஒருவரின் சிறுநீர்ப்பையைக் காப்பாற்றுவதில் முடிந்திருக்கிறது. ஆனால் அந்தப் பலன் கிடைக்க வேண்டுமானால், சிறுநீரில் ரத்தம் கண்டவர் சூடு என்று சும்மா இருக்காமல் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும்.