பட்டியும் பிள்ளைகளும்

ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் போகும் ரயில்பாதையில் சாமல்பட்டி ஒரு சின்ன நிறுத்தம். ஊத்தங்கரைக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கி பஸ் பிடிப்பார்கள். பெயர்ப்பலகையில் ஊர்ப்பெயரின் பின்பாதியை யாரும் நின்று யோசிப்பதில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் எந்தச் சாலையில் போனாலும் நாலு மைலுக்கு ஒரு பட்டி வரும்.

பட்டி என்றால் ராத்திரி ஆடுமாடுகளை அடைக்கிற இடம். சுற்றிலும் முள் வேலி, ஒரு படல், உள்ளே சாணி வாசம். அகராதியில் அதே சொல்லுக்குச் சிற்றூர் என்றும் பொருள் இருக்கிறது. இன்றைக்கு இருக்கும் எல்லாப் பட்டிகளும் மாட்டுக்கொட்டிலில் தொடங்கிய ஊர்கள்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மாடு படுக்கிற இடத்துக்கும் மனுசர் குடியிருக்கிற இடத்துக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்ட மக்கள், இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை என்று சொல்லலாம். செல்வம் என்பதற்கே ‘மாடு’ என்று பெயர் வைத்திருந்த மொழி இது.

‘ராஞ்ச்’ என்றால் நம் மனசில் வருவது ஹாலிவுட் படம்தான். தொடுவானம் வரைக்கும் புல், குதிரை மேல் அப்பா, வேலி மேல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். பண்ணையில் குடும்பம் வளர்ப்பதன் சந்தோஷத்தைப் பற்றி அமெரிக்கர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அந்தச் சந்தோஷம் நம் பக்கம் இருந்ததா? இருந்தது. இந்தக் கட்டுரை கேட்க விரும்புவது அடுத்த கேள்வியை: யார் வீட்டில் இருந்தது, எதனால் இருந்தது, எப்படிப் போனது?

*

ஊத்தங்கரையிலிருந்து சிங்காரப்பேட்டை தாண்டிப் போனால் செங்கம். இந்த வட்டாரம் முழுக்க நடுகற்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை ஊர் ஊராகத் தேடிப் பதிவு செய்து, இரா. நாகசாமியின் பதிப்பில் 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ நூலை வெளியிட்டது. பல கற்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல் ‘தொறு’. தொறு என்றால் மாட்டு மந்தை. தொறுவைக் கவர வந்தவர்களோடு சண்டை போட்டு, தொறுவை மீட்டு, செத்துப்போனவர்களுக்கு நட்ட கற்கள் இவை.

அவற்றில் எடத்தனூர்க் கல் தனி ரகம். பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தது, 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரன் எருமைகளுக்காக நடந்த சண்டையில் இறந்தான். கல்லில் அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பெயரும் பொறித்திருக்கிறார்கள்: கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்து, காவல் நின்றதாம். ஆயிரத்து நானூறு வருசமாக ஒரு மேய்ச்சல் நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. அந்தக் காலத்து எத்தனையோ மனிதர்களின் பெயர் தெரியாது.

நடுகல் சாவைச் சொல்கிற கல். மேய்ச்சல் குடும்பங்களின் மகிழ்ச்சியை அதில் நேரடியாகப் படிக்க முடியாது. ஆனாலும் நாய்க்குப் பேர் வைத்துக் கூப்பிட்டவர்கள், அது செத்த பிறகு அந்தப் பேரைக் கல்லில் வெட்டவும் செய்தார்கள் என்றால், அந்தப் பட்டியில் மாடும் நாயும் வெறும் சொத்தாக மட்டும் இருந்திருக்காது. வீட்டு ஆள் கணக்கில் இருந்திருக்கின்றன.

*

இந்த உறவு வருசத்துக்கு ஒருநாள் கண்ணுக்குத் தெரியும்படி வெளியே வரும். கொங்குப் பக்கம் அதற்குப் பட்டிப் பொங்கல் என்று பேர். மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, பட்டிக்குள்ளேயே அடுப்பு மூட்டிப் பொங்கல் வைப்பார்கள். பட்டி நடுவில் சின்னதாகக் குழி வெட்டித் தண்ணீர் விட்டால் அதுதான் தெப்பக்குளம். கன்றுக்குட்டியை ஓட்டி வந்து அதைத் தாண்ட வைக்கணும். அது மிரளும், பின்வாங்கும், கயிற்றைப் பிடித்திருக்கிற பையனையும் இழுத்துக்கொண்டு தண்ணீரில் விழும். பிள்ளைகள் தட்டத்தைத் தட்டிக்கொண்டு, பட்டி பெருகணும் என்று கூவிக்கொண்டே சுற்றி வருவார்கள். சாமிக்கு நடக்கிற எந்தப் பூசையிலும் பிள்ளைகளுக்கு இத்தனை இடம் கிடையாது.

மற்ற நாட்களிலும் அப்படித்தான். பட்டி வைத்த வீட்டில் ஆறு வயசுப் பிள்ளைக்கும் ஒரு வேலை இருந்தது. கன்று அவிழ்ப்பது, தண்ணீர் காட்டுவது, சாயங்காலம் எண்ணி அடைப்பது. மயிலை, செவலை, காரி என்று நிறத்தை வைத்தே மாட்டை அடையாளம் சொல்லப் பழகும்போது எண்ணிக்கையும் சேர்ந்தே வந்துவிடும். பாட்டிக்கும் வேலை உண்டு, பேத்திக்கும் உண்டு. ஒரு கன்று பிறந்தால் ‘இது உன்னுது’ என்று பிள்ளைக்குச் சொல்வார்கள். தன் பேரில் வளர்கிற ஓர் உயிர்! இந்த வயசில் வேறெந்த வீட்டிலும் எந்தப் பிள்ளைக்கும் இப்படி ஒன்று சொந்தமாகாது.

மாடு வாங்க வக்கில்லாதவர்களுக்கும் ஒரு வழி இருந்தது. வாரத்துக்கு விடுவது. வசதியுள்ளவர் கிடாரியைக் கொடுப்பார், இல்லாதவர் வளர்ப்பார், ஈனும் கன்றிலோ விற்கிற விலையிலோ பங்கு. பங்கு எப்போதும் நியாயமாகப் போட்டார்கள் என்று இல்லை. ஆனாலும் கையில் காசில்லாத ஒரு குடும்பம் நாலைந்து வருசத்தில் ‘எங்கூட்டு மாடு’ என்று சொல்ல முடிந்தது.

இது எல்லாம் நடக்க ஒரு நிபந்தனை: அந்த மாடு மேய்வதற்கு இடம் வேண்டும்.

*

1792இல் திப்பு சுல்தானோடு போட்ட ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகள்தான் அதில் பெரும்பங்கு. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் நிர்வாகப் பொறுப்பேற்றார். அவருக்கு உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பிற்பாடு தென்னிந்தியா முழுக்கப் பரவிய ரயத்துவாரி முறையின் ஒத்திகை இந்த மண்ணில்தான் நடந்தது. நிலத்தை அளந்து, உழுகிறவன் பேரில் எழுதி, அவனிடமே வரி வாங்குவது.

உழுகிற நிலத்துக்கு இதில் ஆள் இருந்தது, பேர் இருந்தது. மாடு மேய்கிற நிலத்துக்கு? அது கணக்குக்கு வெளியே நின்றது. வரி வராத நிலத்துக்கு நாம் வைத்திருக்கும் சொல்லே புறம்போக்கு. பிறகு 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடு காப்புக்காடு ஆனது. மாட்டுக்கு அனுமதிச் சீட்டு, தலைக்கு இவ்வளவு கட்டணம். ஆடுகளுக்குப் பல காடுகளில் வழியே அடைபட்டது.

காவிரிக் கரைக் காடுகளில் வளர்ந்த ஆலம்பாடி மாடுகள் இப்படிக் காட்டை நம்பி இருந்தவை. உழவுக்கும் வண்டிக்கும் பேர்போன இனம். இன்று அழிவின் விளிம்பில் நிற்கிற இனங்களில் அதுவும் ஒன்று. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையிலும் (நம் கிருஷ்ணகிரிப் பர்கூர் வேறு) இதே கதைதான். சிவப்பில் வெள்ளைத் திட்டு போட்ட பர்கூர் மாட்டை அங்குள்ள குடும்பங்கள் மாதக்கணக்கில் காட்டுப் பட்டிகளில் வைத்து மேய்த்துவந்தார்கள்.

அதே காலத்தில் அரசாங்கம் மட்டும் ஒரு பெரிய ‘ராஞ்ச்’ வைத்திருந்தது. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில், 1824இல், ராணுவத்துக்குக் குதிரை வளர்த்துத் தர ஆரம்பித்த பண்ணை. பெங்களூர் தண்டு பக்கத்திலேயே இருந்தது, குளிர்ந்த மேட்டு நிலம், வேறென்ன வேண்டும்? 1,600 ஏக்கருக்கு மேல் பரப்பு. பிறகு அது மாட்டுப் பண்ணையாக மாறியது. தென்னிந்தியக் கால்நடைகள் பற்றி 1936இல் புத்தகம் எழுதிய லிட்டில்வுட் இங்கே பணியாற்றியவர். சிந்துவிலிருந்து வந்த சிவப்பு சிந்தி மாடு இங்கே வளர்க்கப்பட்டது. பண்ணை இன்றும் இருக்கிறது. அதன் ஆராய்ச்சியால் நன்மையும் உண்டு. ஆனால் மாட்டைக் காப்பாற்ற நிலம் ஒதுக்கத் தெரிந்த அரசுக்கு, மாட்டை வளர்த்த குடும்பத்துக்கு நிலம் ஒதுக்கணும் என்று தோன்றவே இல்லை.

*

இடத்தை விடாமல் பிடித்துவைத்துக்கொண்டவர்கள் காங்கேயத்துக்காரர்கள். அங்கே மேய்ச்சல் நிலத்துக்குக் கொறங்காடு என்று பேர். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, தரையில் கொழுக்கட்டைப்புல், நிழலுக்கு வெள்வேல மரம். 1874இல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் அமெரிக்கப் புல்வெளி துண்டு துண்டாக அடைபட்டது. நம் ஆட்கள் செடியை நட்டே வேலையை முடித்தார்கள். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் தன் மந்தையில் காங்கேயம் இனத்தைத் தேர்ந்து வளர்த்தவர் என்று கால்நடைத் துறைப் புத்தகங்கள் சொல்கின்றன. குடும்பமும் நிலமும் மந்தையும் ஒன்றாக இருந்ததற்கு நம்மிடம் உள்ள நல்ல உதாரணம் இது.

ஆனால் வேலிக்கு இரண்டு பக்கம் உண்டு. கொங்குப் பண்ணைகளில் ஆடுமாடு மேய்த்த பையன்கள் பலர் அந்த வீட்டுப் பிள்ளைகள் இல்லை. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ படித்தவர்களுக்குத் தெரியும்: கவுண்டர் பண்ணையில் ஆடு மேய்க்க விடப்பட்ட தலித் சிறுவனின் கதை அது. அதே மேய்ச்சல் காடு, அதே குட்டி, அதே விளையாட்டு. அந்தப் பையன்களுக்கும் காட்டில் சந்தோஷம் இருந்தது. ஆனால் ஓர் ஆடு காணாமல் போனால் அடி யாருக்கு விழும் என்பதில்தான் பண்ணையின் உண்மை இருக்கிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல்தான் வந்தது. பட்டி வாழ்க்கையை மண்வாசனையோடு புகழ்கிறவர்கள் இந்தப் பையனைத் தாண்டித்தான் போகணும். தாண்டிப் போகக் கூடாது என்பது என் எண்ணம்.

அப்படிப் பார்த்தால் இந்தச் சந்தோஷத்துக்கு இரண்டு கால். கன்று பிள்ளைக்குச் சொந்தமாக இருக்கணும். மேய்கிற இடத்தில் யாரும் விரட்டாமல் இருக்கணும். ஒன்று ஒடிந்தால் பண்ணையாள், இன்னொன்று ஒடிந்தால் நாடோடி.

*

இப்போது சாமல்பட்டியைச் சுற்றி என்ன இருக்கிறது? ஒரு பக்கம் போச்சம்பள்ளி. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பேர்போன ஊர். இப்போது அங்கே சிப்காட்டும் உண்டு, ஓலாவின் மின்சார ஸ்கூட்டர் ஆலையும் உண்டு. விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓசூர்ப் பக்கமும் போகின்றன. தன் பேரில் சம்பளம் வாங்குகிற அந்தப் பெண்ணிடம் போய், ‘மாடு மேய்த்த காலம்தான் பொற்காலம்’ என்று சொன்னால் சிரிப்பாள். சிரிக்கட்டும். கன்றில் கிடைத்த ‘என்னுது’ என்ற சொல் அவளுக்கு இப்போது சம்பளத்தில் கிடைக்கிறது.

வீட்டில் மாடு இன்னும் இருக்கிறது. ஒன்றோ இரண்டோ கலப்பினப் பசு, கட்டுத்தறியிலேயே தீவனம், காலையும் மாலையும் பால் சொசைட்டி. வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில். மேய்ச்சல் போனது, மேய்ச்சலோடு பிள்ளைகளின் பங்கும் போனது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகளில் மாடு மேய்க்கத் தடை போட்டு, சில நாட்களிலேயே அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகங்களுக்கு என்று சுருக்கியது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் ஓர் உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. பர்கூர் மலைக்காரர்கள் இன்னும் அந்தச் சட்டத்தின் வரியைக் காட்டித்தான் பேசவேண்டியிருக்கிறது.

பழைய பட்டியை அப்படியே திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது, தேவையும் இல்லை. ஆனால் ஊருக்கு ஊர் மிச்சமிருக்கும் மேய்ச்சல் புறம்போக்கு யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று நினைப்பதை நிறுத்தலாம். மனைப்பிரிவாகவோ கல்குவாரியாகவோ ஆவதற்கு முன்னால், அந்த நிலத்தில் எந்தக் குடும்பங்கள் வளர்ந்தன என்று ஊர்ப் பெரியவர்களிடம் ஒருமுறை கேட்கலாம். கிராமசபையில் எழுந்து சர்வே எண்ணைக் கேட்கலாம். நம் ஊர்ப்பெயரில் பாதி அந்த நிலம்தான்.