காரணம் அறியாக் காய்ச்சல்

மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்து, 38.3 டிகிரி செல்சியஸைப் பலமுறை தாண்டியும், ஒரு வார மருத்துவமனைப் பரிசோதனையில் காரணம் பிடிபடாத காய்ச்சல். 1961இல் பீட்டர்ஸ்டார்ஃப், பீசன் ஆகியோர் வகுத்த வரையறை இது, பின்னர் தளர்த்தப்பட்டது. தொற்று, புற்றுநோய், தன்னெதிர்ப்பு அழற்சி ஆகியவை முதன்மைக் காரணங்கள். இந்தியாவில் நுரையீரலுக்கு வெளியே மறைந்திருக்கும் காசநோயை முதலில் ஐயுற வேண்டும்.

காட்பாடி ரயில் நிலையம் வழியாக வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்கம், ஜார்க்கண்ட் முதலிய மாநில நோயாளிகளும் வருவதால், சொந்த ஊரை விசாரிப்பதே நோயறிதலின் பாதி: ஜார்க்கண்ட்காரருக்குக் கருங்காய்ச்சலும் கருதத்தக்கது. வேலூர் வட்டாரத்திலோ ஸ்க்ரப் டைஃபஸ் மிகுதி. இது குறுகிய காலக் காய்ச்சலே எனினும், உரிய மருந்தின்றி இரண்டு மூன்று வாரம் நீளக்கூடும். இதைப் பரப்பும் நுண்சிலந்தியின் இளம்புழு கடித்த இடத்தில், சிகரெட் சுட்டது போன்ற வலியற்ற கருவடு தோன்றும். அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடி ஆகிய மறைவிடங்களைப் பார்க்காமல் விடுவது பெரும்பிழை. பெனிசிலின் பயன்படாது, டாக்சிசைக்ளின் பெரும்பாலும் இரு நாளில் காய்ச்சலைத் தணிக்கும். கடுமையான நோயில் அதனுடன் அசித்ரோமைசினையும் சிரைவழி செலுத்துவது மேலானது என்பதை, சி.எம்.சி. தலைமையிலான இந்திய ஆய்வு 2023இல் நிறுவியது.

ரத்த வளர்ப்புச் சோதனைக்கு முன் நுண்ணுயிர்க்கொல்லி தருவது தடயத்தை அழிக்கும். காரணம் தெரியுமுன் தரும் ஸ்டீராய்டு, காசநோயையும் நிணநீர்ப் புற்றையும் மறைத்துவிடும்.