பையன்கள் வாசித்த இடங்கள்

தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் நாளில் மாணவியர் முந்தியிருப்பது இப்போது யாருக்கும் செய்தியாகவே படுவதில்லை. 2024-இல் பத்தாம் வகுப்பில் மாணவியர் 94.53 விழுக்காடும் மாணவர் 88.58 விழுக்காடும் தேறினர். பிளஸ் டூவில் அது 96.44-க்கு 92.37. ஆண்டுதோறும் இதே வரிசை திரும்பத் திரும்ப வருவதால், அதற்கொரு விளக்கமும் நிலைபெற்றுவிட்டது: பெண்பிள்ளை உட்கார்ந்து படிக்கும், பையனுக்குப் புத்தகம் ஒட்டாது. பெற்றோர் கூட்டத்திலும் ஆசிரியர் அறையிலும் இதைச் சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. ஆனால் அப்படிச் சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறைப் பையன்களைப் புத்தகத்திடமிருந்து விலக்கிவிட்டோம் என்று கருதுகிறேன். அந்த விளக்கம் வரலாற்றுக்கு ஒவ்வாதது என்பதையும், பையன்களின் வாசிப்பை மீட்க எண்ணுவோர் அவர்களுடைய மனப்போக்கைவிட அவர்கள் வாசிக்க வாய்த்த இடங்களை ஆராய வேண்டும் என்பதையும் இக்கட்டுரை முன்வைக்கிறது.

தேர்ச்சி விகிதமும் வாசிப்பும் ஒன்றல்ல. தேர்வில் தேறியவர் எல்லாரும் வாசகரும் அல்லர், தவறியவர் எல்லாரும் வாசிக்காதவரும் அல்லர். எனினும் உயர்நிலை வகுப்புகளில் அறிவியலும் சமூக அறிவியலும் நீண்ட பத்திகளாகத்தான் வருகின்றன. பத்தியைக் கண்டு மிரளும் பையன் எல்லாப் பாடத்திலும் பின்தங்குகிறான்.

முதலில் வரலாறு. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்த ஆண்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்றுக் குறைவு. பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. திண்ணைப் பள்ளியில் மணலில் விரல் வைத்து எழுதியவர்கள் பெரும்பாலும் பையன்கள்தாம். அன்றைக்கு யாரேனும் வாசிப்பு ஆணின் இயல்புக்குப் பொருந்தாது என்று சொல்லியிருந்தால் ஊர் சிரித்திருக்கும். பெண்ணுக்குத்தான் எழுத்து ஆகாது என்று அன்று சாதித்தார்கள். ஒரு நூற்றாண்டுக்குள் தலைகீழாகிவிடக்கூடிய ஒன்றை இயல்பு என்று எப்படிச் சொல்வது?

அந்தப் பழைய வாசிப்பு எத்தகையது என்பதும் நம் கவனத்துக்குரியது. தமிழில் வாய்விட்டு வாசிக்கும் வழக்கம் மெல்ல மௌன வாசிப்புக்கு இடம்விட்ட கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களை ஒருவர் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்டார்கள். பின்னர் திராவிட இயக்கத்துப் படிப்பகங்களிலும் முடிதிருத்தகங்களிலும் நாளேடு அதே முறையில் உரக்க வாசிக்கப்பட்டது. 1942-இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய 'தந்தி' தேநீர்க் கடைப் பெஞ்சில் ஆளுக்கொரு தாளாகப் பிரிந்து கைமாறியது. எழுத்துக் கூட்டத் தெரிந்த பையன் அங்கே படித்துக் காட்டுபவனாக மதிக்கப்பட்டான். அவன் வாசித்த செய்தியை ஒட்டிப் பெரியவர்கள் வாதாடினார்கள். வாசிப்புக்கு அங்கே துணையும் இருந்தது, பயனும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்த இடங்களைப் பொற்காலமாக்கிப் பேசவில்லை. பெண்கள் அங்கே வர இயலவில்லை. பல ஊர்களில் சாதி பார்த்துத்தான் பெஞ்சில் இடம் கிடைத்தது. அவற்றை அப்படியே திரும்பக் கொணரவும் முடியாது, கொணரவும் கூடாது. ஆனால் அவை பையன்களுக்கு அளித்த துணைக்கு ஈடாக நாம் எதையும் தரவில்லை.

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலை எடுத்துக்கொள்வோம். சிற்றூர். அங்கே ஏறத்தாழ ஒரே வயதுடைய இரு பையன்கள் சேர்ந்து வளர்ந்தார்கள். ஒருவர் கு. அழகிரிசாமி, மற்றவர் கி. ராஜநாராயணன். கி.ரா. பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. இருவரும் சேர்ந்து இசை கேட்டார்கள், சேர்ந்து படித்தார்கள், ரசிகமணி டி.கே.சி.யின் இலக்கியப் பேச்சுக்குச் செவிகொடுத்தார்கள். அழகிரிசாமி வெளியூர் போனபின் கடிதங்களில் அந்த உரையாடல் தொடர்ந்தது. நண்பர் எழுதியவற்றைக் கி.ரா. பத்திரப்படுத்திப் பின்னாளில் நூலாக்கினார். சாகித்திய அகாதெமி விருது அழகிரிசாமிக்கு 1970-இல், அவர் மறைவுக்குப் பின்னும், கி.ரா.வுக்கு 1991-இலும் கிடைத்தது. ஒரே சிற்றூருக்கு இரண்டு விருதுகள். இருவரின் மேதைமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் படித்ததை உடனே போய்ச் சொல்ல அடுத்த வீட்டில் ஒருவன் இருந்தான் என்பது சிறிய செய்தி அல்ல. ஜெயகாந்தனின் வாழ்க்கையும் இதையே வேறொரு சூழலில் காட்டுகிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட அந்தச் சிறுவனுக்குச் சென்னையில் பொதுவுடைமைக் கட்சி அலுவலகம் பள்ளிக்கூடமாயிற்று. பெரியவர்கள் படிப்பதையும் விவாதிப்பதையும் அன்றாடம் அருகிலிருந்து கண்டவர் 2002-க்குரிய ஞானபீட விருதுவரை வந்தார். இம்மூவரும் விதிவிலக்குகள்தாம் என்று சொல்லலாம். எழுத்தாளரானதில் விதிவிலக்குகளே. வாசகரான வழியில் அப்படி அல்ல. அதே வழியில் வந்து பெயர் தெரியாமல் வாசகராகவே வாழ்ந்து முடிந்தவர்கள் ஊர்தோறும் இருந்தார்கள்.

பள்ளி தொட மறுத்த நூல்களும் பையன்களை வாசகராக்கின. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வந்தது. 1984-இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் தொடங்கின. அதே ஆண்டு வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்டு 'பூந்தளிர்' வந்தது. பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படிக்கப்பட்டவை இவை. அகப்பட்டால் ஆசிரியர் கிழித்தெறிந்தவையும் இவையே. மாயாவி கதையின் ஒரு பக்கத்தை நிதானித்துப் பார்த்தால் அதைப் படிக்க எவ்வளவு உழைக்க வேண்டும் என்பது விளங்கும். மின்சாரம் பாய்ந்ததும் நாயகனின் உடல் மறைந்துவிடுகிறது, இரும்புக் கை மட்டும் தெரிகிறது. ஒரு கட்டத்தில் கதவின் கைப்பிடியருகே அந்தக் கை. அடுத்த கட்டத்தில் காவலன் தரையில் கிடக்கிறான். இடையில் என்ன நடந்தது என்பது வரையப்படவும் இல்லை, எழுதப்படவும் இல்லை. பையன்தான் அதை நிரப்பிக்கொள்ள வேண்டும். பேச்சுக் குமிழில் இருப்பது வாய்ச்சொல்லா, மனத்துக்குள் ஓடும் நினைப்பா என்று பிரித்தறிய வேண்டும். சொல்லாததை ஊகித்தறிவதுதான் வாசிப்புத் திறனின் மையம் என்று மொழிக்கல்வியாளர் சொல்கிறார்கள். அந்தப் பயிற்சியைப் பையன்கள் காசு கொடுத்து, அடியும் வாங்கி, தாமாகவே பெற்றுக்கொண்டிருந்தார்கள். நாம் அதைப் படிப்பென்று கணக்கில் வைக்கவில்லை.

பிற நாட்டு ஆய்வுகளும் இந்தக் கணக்குப் பிழையையே சுட்டுகின்றன. பன்னாட்டு மாணவர் மதிப்பீடான பீசாவின் 2009 சுற்றில், வளர்ந்த நாடுகளின் பதினைந்து வயதுச் சிறுமியரில் 73 விழுக்காட்டினர் மகிழ்ச்சிக்காக வாசிப்பதாகச் சொன்னார்கள். சிறுவரில் 52 விழுக்காட்டினரே அப்படிச் சொன்னார்கள். கதை நூல்களைச் சிறுமியரும், நாளேடுகளையும் படக்கதைகளையும் சிறுவரும் மிகுதியாக நாடுவதை அதற்கு முந்தைய 2000 சுற்றே காட்டியிருந்தது. வாசிப்பு என்றாலே கதைப் புத்தகம் என்று பழகிய ஒரு பையனிடம் 'மகிழ்ச்சிக்காக வாசிப்பதுண்டா' என்று கேட்டால், காலையில் விளையாட்டுப் பக்கத்தை வரி விடாமல் படித்தவனும் இல்லையென்றே சொல்லக்கூடும். மைக்கேல் ஸ்மித், ஜெஃப்ரி வில்ஹெல்ம் இருவரும் 49 அமெரிக்கப் பையன்களைப் பின்தொடர்ந்து 2002-இல் வெளியிட்ட நூல் இதை அருகிலிருந்து காட்டுகிறது. வகுப்பில் வாசிப்பை வெறுத்த பையன்கள் வெளியே தமக்கு வேண்டிய பலவற்றை வாசித்துக்கொண்டிருந்தார்கள். தமக்குக் கைவரும் என்ற நம்பிக்கை, தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை, உடன் பேச ஆள் ஆகியவை அமைந்த செயல்களில் அவர்கள் நேரம் மறந்து ஈடுபட்டார்கள். வகுப்பில் அவர்களுக்குக் கிடைத்த வாசிப்பில் இவை அரிதாகவே இருந்தன.

நம் பள்ளிகளின் நிலைமையைச் சொல்லப் புள்ளிவிவரம் தேவையில்லை, நூலகப் பீரோவின் பூட்டு போதும். புத்தகம் இருக்கிறது, இருப்புப் பதிவேடும் இருக்கிறது. ஒரு புத்தகம் காணாமற்போனால் ஆய்வின்போது பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டும். அதனால் எடுத்துக் கொடுக்காமல் இருப்பதே அவருக்குப் பாதுகாப்பு. நூலகப் பாடவேளை அட்டவணையில் இருக்கும், பத்தாம் வகுப்பில் அதைக் கணக்கு எடுத்துக்கொள்ளும். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1931-இலேயே நூலகத்துக்கு வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் இருப்பது பயன்படுத்துவதற்கே என்பது. இந்தியாவில் பொது நூலகச் சட்டத்துக்கு 1948-இல் வழிகாட்டிய மாநிலத்தில், கிழிந்த புத்தகம் ஆசிரியரின் குற்றமாக எண்ணப்படுவது வருத்தத்துக்குரியது. ஆண்டுக்கு இத்தனை நூல்கள் வாசிப்பில் தேயும், தொலையும் என்று ஏற்று அவற்றைக் கணக்கிலிருந்து கழிக்க அனுமதி வேண்டும். ஒரே ஓர் அரசாணையில் முடியக்கூடிய வேலை இது. இதன் பயன் பல பயிற்சி முகாம்களின் பயனைவிடப் பெரிதாக இருக்கும் என்று நம்புகிறேன்.

நல்ல முயற்சிகள் நடக்காமலும் இல்லை. பள்ளிக் கல்வித் துறை 2022-இல் தொடங்கிய 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்கள் மாணவரின் கையில் நேரே போய்ச் சேர்கின்றன. 2023-இல் வந்த வாசிப்பு இயக்கம் 'நுழை, நட, ஓடு, பற' என்று படிநிலை பிரித்து மெல்லிய நூல்களை வெளியிட்டது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் உட்கார்ந்த இடத்தில் ஒரு புத்தகத்தை முடித்துவிட்டு எழுந்திருக்க முடியும் என்பது இவற்றின் பெரும் நன்மை. முடித்துப் பழகாதவனுக்கு முதலில் வேண்டியது முடித்த நிறைவுதான். ஆனால் இந்நூல்களைப் படித்ததற்கு அறிக்கை எழுது, மதிப்பெண் பெறு என்று தொடங்கிவிட்டால் இவையும் பாடநூல்களாகிவிடும்.

எழுத்தின் நிலை வாசிப்பைவிட மோசம். குறிப்புகளைக் கொண்டு கட்டுரை வரைக என்பதே பெரும்பாலான பையன்கள் பள்ளியில் அறிந்த எழுத்து. முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்ற சட்டகத்துக்குள் உரைநூலில் மனனம் செய்ததை நிரப்புகிறார்கள். அதைப் படிப்பவர் ஒருவரே, அவரும் சிவப்பு மையோடு படிக்கிறார். லகர ளகர ழகரப் பிழையைச் சுழித்துச் சுழித்துத் திருப்பித் தந்த தாளைப் பார்த்து எந்தப் பையன் மறுபடி எழுத விரும்புவான்?

அதே பையன் ஊரில் என்ன எழுதுகிறான் என்று பார்க்க வேண்டும். பொங்கலுக்குக் கபடிப் போட்டி வைக்கும் இளைஞர் மன்றத்தின் துண்டறிக்கையை எழுதுவது பெரும்பாலும் ஒன்பதாவதோ பத்தாவதோ படிப்பவன். நுழைவுக் கட்டணம், எடைப் பிரிவு, வெளியூர் ஆட்டக்காரரைச் சேர்க்கலாமா, ஆட்டம் சமனானால் என்ன செய்வது, நடுவர் தீர்ப்பு யாரைக் கட்டுப்படுத்தும் என்பன எல்லாம் அதில் வர வேண்டும். ஒரு சொல் இருபொருள் பட்டால் களத்தில் சண்டை வரும் என்பது அவனுக்குத் தெரியும். அதனால் எழுதுகிறான், அண்ணன்மாரிடம் படித்துக் காட்டுகிறான், அடித்துத் திருத்துகிறான். எழுத்துப் பயிற்சி பற்றி நூல்கள் கூறும் அனைத்தும், அதாவது வாசகரை எண்ணுதல், தெளிவு, திருத்தம் எல்லாம், அந்த ஒற்றைத் தாளில் இருக்கின்றன. தமிழாசிரியர் அந்தத் துண்டறிக்கையை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லலாம். ஆட்டம் முடிந்தபின் அதன் வருணனையை எழுதச் சொல்லலாம். நம்மிடம் கையெழுத்துப் பத்திரிகை என்ற அருமையான மரபும் உண்டு. மு. கருணாநிதி பள்ளிப் பருவத்தில் 'மாணவ நேசன்' என்ற கையெழுத்து ஏட்டை நடத்தியவர். எழுதியவன் பெயர் இருக்கும், படித்தவர்கள் மறுநாள் அவனிடம் வந்து பேசுவார்கள், மதிப்பெண் மட்டும் இருக்காது. உயர்நிலைப் பள்ளி ஒவ்வொன்றிலும் அப்படி ஓர் ஏடு சுற்றுக்கு வரலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு குயர் தாள்.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். கபடி, துப்பறியும் கதை, படக்கதை என்று பையன்களுக்குத் தனிப் பட்டியல் போடுவது அவர்களை ஒரு கூண்டிலிருந்து இன்னொரு கூண்டுக்கு மாற்றுவதாகாதா? ஆகும், அங்கேயே நிறுத்திவிட்டால். அவன் கையில் இருப்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் வாதம், அதோடு முடிக்க வேண்டும் என்பதன்று. மாயாவியைச் சிறுமியரும் படித்தார்கள். மென்மையான கதைக்குப் பையன்களும் உருகுவார்கள். அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையை எட்டாம் வகுப்புப் பையன்களிடம் உரக்க வாசித்துப் பார்க்கலாம். வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்குப் புத்தகம் தரும் ஒருவர், ஒருமுறை அவர்களில் சிலருக்கு டைரியை அன்பளிப்பாகத் தருகிறார். சாரங்கன் என்ற சிறுவன் விடுபட்டுப்போகிறான். அவன் தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து, தனக்கு அன்பளிப்பாக அளித்ததுபோல் அதில் எழுதித் தரும்படி கேட்கிறான். ஒதுக்கப்பட்டவனின் நோவு எதுவென்று அறியாத பையன் எந்த வகுப்பிலும் இல்லை. கடைசி வரிசைக்காரர்கள் அதை மற்றவரைவிட நன்றாக அறிவார்கள்.

பெண்பிள்ளைகள் முன்னேறியதால் பையன்கள் பின்தங்கினார்கள் என்ற பேச்சுக்கும் இடம் தரலாகாது. மாலையில் வெளியே போகத் தடை இருந்ததால் வீட்டில் அடைந்து படித்தவர்கள் பலர். அவர்கள் பெற்றது எதையும் குறைக்காமலே பையன்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய முடியும். தொடக்கப் பள்ளியில் வாசித்துக் காட்டுபவர் பெரும்பாலும் பெண். 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியின் தன்னார்வலர்களும் மிகப் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் உழைப்புக்குத் தமிழ்நாடு கடன்பட்டிருக்கிறது. ஆனால் ஆண் ஒருவர் புத்தகத்தோடு அமர்ந்திருப்பதைக் காணாமலே ஒரு பையன் வளர நேர்கிறது. இதற்காக ஆண் ஆசிரியரை அமர்த்தினால் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. கடைக்காரர், ஓட்டுநர், உடற்கல்வி ஆசிரியர் என்று அவன் மதிக்கும் ஆண்கள் வாரம் ஒருமுறை வகுப்புக்கு வந்து, தாம் படித்த எதையேனும் பத்து நிமிடம் வாசிக்கட்டும். எழுத்தறியாத தந்தையும் வரலாம், மகன் வாசிக்கக் கேட்டுக் கேள்வி கேட்கலாம். பழைய திண்ணையில் கேட்டவர்களும் வாசகர்களாகவே கருதப்பட்டார்கள்.

இதற்கான கட்டடமும் பல ஊர்களில் ஏற்கெனவே இருக்கிறது. சொத்து வரியோடு நூலக வரி கட்டி நாம் நடத்தும் கிளை நூலகங்கள் அவை. நாளேட்டு மேசையைச் சுற்றி இன்றும் ஆண்கள் அமர்கிறார்கள். பையன்கள் விளையாடி முடிக்கும் நேரத்தில் அந்நூலகம் திறந்திருக்க வேண்டும். பள்ளி அடையாள அட்டையைக் காட்டினாலே, காப்புத் தொகை கேட்காமல், புத்தகம் தர வேண்டும். மௌனம் காக்கவும் என்ற பலகை பெரிய அறையில் இருக்கட்டும். ஆனால் ஒரு மூலையில், ஒரு மேசையிலாவது, உரக்க வாசிக்கவும் வாசித்ததைப் பற்றிச் சண்டை போடவும் சிறுவர் சிறுமியர் இருசாராருக்கும் விதிப்படியே அனுமதி வேண்டும்.